விடுவதைக் கற்றல்: வடநெம்மேலி இருளரின் பாம்புத் தொழிலும் தற்கட்டுப்பாடும்

திருப்போரூர்ப் பகுதியின் கடலோர ஊர் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுப்பு நிலையம் இருக்கிறது. வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். ஒரு பாம்பை ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து நான்கு முறை நஞ்செடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். தோலுரிந்து அந்த அடையாளம் மறையும்வரை அதே பாம்பைத் திரும்பப் பிடித்துவரக் கூடாது என்பது தொழில் நெறி.

பிடிக்கத் தெரிந்த கை விடுவதை எங்கே கற்றது? பிறரைப் பார்த்துக் கற்றல் பற்றிய உளவியலுக்கு இது முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பெயரைச் சொன்னால் நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் 1961ஆம் ஆண்டின் பொம்மைச் சோதனை நினைவுக்கு வரும். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுவர்கள் தாங்களும் அடித்தார்கள். சோதனையில் இருந்தவர்கள் 72 பேர். 1965இல் அவர் இன்னொன்றைக் காட்டினார். அடித்தவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைகள் அவரைப் போலச் செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் செய்துகாட்டினால் பரிசு என்றதும் அவர்களும் மற்றவர்களுக்கு ஈடாகச் செய்துகாட்டினார்கள். கற்பது வேறு, கற்றதைச் செய்வது வேறு. பாடநூல்கள் இத்தோடு நின்றுவிடுகின்றன. கேரல் குப்பர்ஸுடன் 1964இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் நமக்கு வேண்டியது. ஒரு சிறு பந்துருட்டு விளையாட்டில், நல்ல மதிப்பெண் எடுத்தால் மட்டுமே தனக்கு மிட்டாய் எடுத்துக்கொண்டவரைப் பார்த்த பிள்ளைகள், தங்கள் முறை வந்தபோது அதே கண்டிப்பைத் தங்கள்மேல் வைத்துக்கொண்டார்கள். செயலோடு அந்தச் செயலை அளக்கும் கோலும் கைமாறியது. தற்கட்டுப்பாடு தனிமனித மனவலிமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பிறரிடமிருந்து கண்வழி வருவது என்பதே என் வாதம்.

இருளர் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாம்புத் தொழிலை யாரும் பாடமாக நடத்துவதில்லை. வரப்போரம் எலிவளை தோண்டும் பெற்றோருக்குப் பின்னால் போகிறார்கள். மண்ணில் ஊர்ந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, எச்சம், வளைவாயின் வழவழப்பு இவையெல்லாம் கண்ணுக்குப் பழகுகின்றன. இவை தெரிகிற பொருள்கள். தெரியாத ஒன்றும் உண்டு: பெரியவர் எங்கே நிறுத்துகிறார் என்பது. கடப்பாறையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கத் தொடங்கும் அந்த இடம், பாம்பு தலை திருப்பும்போது கை அசையாமல் இருக்கும் அந்தக் கணம். செய்யாமல் விட்டதைப் பார்ப்பது கடினம்; பலமுறை பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். தானே செய்து தவறித் திருத்திக்கொள்ள இந்தத் தொழிலில் வாய்ப்பில்லை. சொந்த அனுபவத்தை மட்டுமே நம்பிக் கற்பது ஆபத்து என்று பண்டூரா எழுதியது கட்டுவிரியன் விஷயத்தில் அப்படியே பொருந்தும்.

பிடிக்கும் திறமை பழையது. விடும் வழக்கம் புதியது. முன்பு பாம்பு தோலுக்காகக் கொல்லப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் சங்கம் உருவானது. அதே கடப்பாறை, அதே கண். பிடிபட்ட பாம்பை மதிக்கும் அளவுகோல் மட்டும் மாறியது. உயிரோடிருக்கும் பாம்புக்குத்தான் இப்போது மதிப்பு.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதிதானே தீர்மானிக்கிறது, இதில் தற்கட்டுப்பாடு எங்கே? மறுப்பில் உண்மை உண்டு. அனுமதி தாமதமானால் வருமானமே நின்றுபோகிறது. ஆனால் அனுமதி எண்ணிக்கையைத்தான் சொல்லும். கையில் வந்த பாம்பின் வயிற்றைப் புரட்டிப் பார்த்து, அடையாளம் கண்டு, விட்டுவிடும் இடத்தில் அதிகாரி யாரும் இல்லை. தன்னைக் கவனித்தல், அளவுகோலோடு ஒப்பிடுதல், அதற்கேற்ப நடத்தல் என்று பண்டூரா 1986இல் பிரித்துச் சொன்ன மூன்றும் அந்த வரப்பில்தான் நடக்கின்றன. அளவுகோலைக் காத்துவருவது, பிடிப்பவர்களே உறுப்பினராக உள்ள சங்கம்.

இருளர் பாம்பு பிடிப்பவர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் 13 பர்மிய மலைப்பாம்புகள் அகற்றப்படக் காரணமானார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பழகாத மண்ணில், பழகாத பாம்பு. செய்முறையை மட்டும் மனப்பாடமாகக் கற்றவருக்கு இது கைகூடாது. பார்க்கும் விதத்தைக் கற்றவருக்கே கூடும்.

வடநெம்மேலியில் நஞ்செடுப்பதைக் காணப் பார்வையாளர்களுக்கு இடம் உண்டு. பாம்பை விடுவது அவர்கள் கண்ணில் படாமல் எங்கோ காட்டில் நடக்கிறது. இருளர் பிள்ளைகள் இப்போது பகலெல்லாம் பள்ளியில் இருக்கிறார்கள், அது வேண்டியதே. ஆனால் வரப்பில் உட்காரும் நேரம் அவர்களுக்குச் சுருங்கிவிட்டது. விடுமுறை நாள்களிலாவது, பானையின் துணியை அவிழ்த்துப் பாம்பை விடும் பெரியவர்களோடு அவர்கள் போய்வரச் சங்கம் வழிசெய்ய வேண்டும்.