காஞ்சிக் கடிகையில் இடம்: தாளகுந்தாத் தூணின் ஒரு பாடல்

தாளகுந்தாத் தூண் கல்வெட்டில் கதம்ப அரசமரபின் முதல்வன் மயூரசர்மன் மனம் நொந்து பேசும் பாடலை அந்தணர்–அரசர் பகையின் குரலாகவே படித்து வந்திருக்கிறோம். வேதியன் வாளெடுத்த கதைக்கு அது தோற்றுவாய். கதம்பர் எழுச்சிக்கு முன்னுரை. அப்படிப் படிப்பது பிழை என்று சொல்லத் துணியேன். ஆனால் பாடலின் முற்பகுதியைக் கண்டுகொள்ளாமலே அது கடந்துவிடுகிறது. காஞ்சியில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையத்தில் இடம் எதைப் பொறுத்திருந்தது என்பதற்கான மிகப் பழைய தடயம் அந்த முற்பகுதியில்தான் உள்ளது.

ஆசிரியர் இல்லங்களை முறையாக வழிபட்டு, தன் வேதக் கிளையை முயன்று கற்றபின்னும் பிரம்மசித்தி அரசன் கையில் இருக்குமானால், அதைவிடத் துயரம் ஏது என்பது பாடலின் கருத்து. இதில் ஒரு கல்வி முடிந்துவிட்டது. அது நடந்த இடம் ஆசிரியர் இல்லம். சற்று முன்னதாக, ஆசான் வீரசர்மனோடு அவன் பல்லவர் நகரான காஞ்சிக்குப் புறப்பட்டது பிரவசனம் (மறைநூல் போதனை) முழுவதையும் கற்பதற்காக என்று கல்வெட்டு கூறுகிறது. எனவே கடிகைக்குள் நுழைந்தவன் தொடக்க மாணவன் அல்லன். கிளைக்கல்வியை முடித்தது அவனுடைய தகுதி. அத்தகுதிக்குச் சாட்சி, உடன்வந்த ஆசான். வெறும் வழித்துணைக்காக வந்தவரை, இக்கல்வெட்டை இயற்றிய, ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைக்கும் குப்ஜரைப் போன்ற கவிஞர் பெயர் சொல்லிக் குறித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வீரசர்மனைப் பாட்டனார் என்பாரும் உளர். இருக்கட்டும்; கல்வெட்டு அவரை இவ்விடத்தில் நிறுத்துவது ஆசானாகத்தான்.

எஞ்சுவது பிரம்மசித்தி. ஆன்மிக நிறைவு என்று இதற்குப் பொருள்கொண்டால் பாடல் தடுமாறுகிறது. அதைத் தரவோ மறுக்கவோ அரசனால் எப்படி முடியும்? கற்றவன் கற்றவனாக ஏற்கப்படுவது என்று கொண்டால் முறையீடு தெளிவாகிறது. படிப்பை முடித்துவிட்டேன், ஆசானும் உடன் வந்தார், ஆயினும் முடிவு அரண்மனையில் இருக்கிறது என்பதே அவன் குறை. வேலூர்ப்பாளையச் செப்பேடு இதற்குத் துணைநிற்கிறது. பல்லவ அரசன் கந்தசிஷ்யன் சத்தியசேனன் என்னும் அரசனிடமிருந்து கடிகையைக் கைப்பற்றினான் என்றும், பின்னர் இராசசிம்மன் அதை மீண்டும் நிறுவினான் என்றும் அது சொல்கிறது. அரசர் கைப்பற்றவும் மறுபடி நிறுவவும் கூடிய ஒன்றில், யார் ஏற்கப்படுவர் என்பது மட்டும் அவர்கள் பிடிக்கு வெளியே இருந்திருக்குமா?

படிநிலைக் கல்வி பிற்காலத்தில் எண்களோடு தெரியவருகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் மாணவர் 340 பேர்: இளையோர் 270, மூத்தோர் 70. ரூபாவதாரம் என்னும் தொடக்க இலக்கணம் படித்த 40 பேர் இளையோரில் அடக்கம். வியாகரணம் படித்த 25 பேர் மூத்தோரில். நாள்தோறும் இளையோருக்கு நெல் 6 நாழி, மூத்தோருக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. ஆறு நூற்றாண்டு இடைவெளி பெரிது என்பர். காஞ்சிக் கடிகையின் கணக்கை இதிலிருந்து நான் வருவிக்கவில்லை; முற்கல்வியும் மேற்கல்வியும் தனித்தனிப் படிகள் என்ற எண்ணம் இம்மண்ணுக்கு அயலானதல்ல என்று காட்டினால் போதும். நாளந்தாவின் வாயிலில் நடந்ததாக யுவான் சுவாங் எழுதிய வினாத் தேர்வைக் காஞ்சிக்குக் கொண்டுவரத்தான் ஆதாரம் ஏதும் இல்லை.

தாளகுந்தாக் கல்வெட்டு கதம்ப அரசன் சாந்திவர்மன் காலத்தது, நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியது என்ற தடையும் உண்டு. கதம்ப அவை தன் முன்னோனைக் கல்விக்காக நொந்தவனாக நினைவுகூர விரும்பியதே, அக்குறை கேட்போருக்குப் புரியக்கூடியதாக இருந்தது என்பதைக் காட்டும்.

பல்லவருக்கு எதிராக மயூரசர்மன் செய்த கலகத்தின் காரணம் ஒன்றே முடியாத வழக்கு. பல்லவக் குதிரைவீரனோடு மூண்ட சண்டை என்பது பெருவழக்கு. பரிவேள்வியை ஒட்டியது என்பது இன்னொரு கருத்து. முன்னது சரியென்றாலும் என் வாசிப்புக்குக் கேடில்லை. பின்னது சரியென்றால், சச்சரவு தெருவில் நடந்ததல்ல. அரசன் நடத்திய வேள்வியில், கற்றோர் யார் என்று எண்ணப்பட்ட இடத்தில் நடந்தது.