கண்டனத்திலிருந்து உரையாடலுக்கு: வட இலங்கையில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சமயம் பேசுவதற்கான நிபந்தனைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நவீன சமய வரலாறு பெரும்பாலும் சைவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையிலான வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளதால், அதே மண்ணில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழ்ந்த முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்கள் எதைப் பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்ற வினா ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது. சமய உரையாடல் என இக்கட்டுரை குறிப்பது, இரு நம்பிக்கையாளர் தத்தம் விசுவாசத்தில் ஊன்றி நின்றபடி மற்றவரின் விசுவாசத்தை அவர் வாயிலாகவே கேட்டறியும் முயற்சியை ஆகும். மதம் மாற்றும் பிரசாரமும், எல்லாம் ஒன்றே என்று வேறுபாட்டை மழுப்பும் உபசார வார்த்தையும் அதனுள் அடங்கா. அம்முயற்சிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: மற்றவரின் கொள்கையை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்தல், வேறுபாட்டை மறைக்காதிருத்தல், அவர் சமூகம் பட்ட காயத்தை அறிந்து ஏற்றல். வட இலங்கையில் இவற்றுள் மூன்றாவதே முதலில் நிறைவேற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கண்டன மரபும் அதன் எல்லையும்

வடமராட்சியிலுள்ள உடுப்பிட்டி, குடாநாட்டில் சமயங்கள் ஒன்றையொன்று எதிர்கொண்ட முறையை அறிவதற்கு ஏற்ற ஊராகும். 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் பின்னர் இவ்வூரிலும் கால்பதித்தது; இன்றைய உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரி 1852இல் தோன்றியது. அதே நூற்றாண்டில் இதே ஊரவரான சிவசம்புப் புலவர் மரபுவழித் தமிழ்ப் புலமையில் பெயர் பெற்று விளங்கினார். மிஷன் பாடசாலையும் சைவப் புலமையும் அருகருகே வளர்ந்த இத்தகைய ஊர்களை உள்ளடக்கிய குடாநாட்டில், 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' போன்ற ஏடுகளும் துண்டுப் பிரசுரங்களும் சமய வாதங்களுக்குக் களமாயின. ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' 1854இல் வெளிவந்தது. எதிர்த்தரப்பின் கொள்கையை எடுத்துக்காட்டி மறுக்கும் இவ்வகை எழுத்தே கண்டனம் எனப்பட்டது.

கண்டன மரபை வெறும் பகைமை என்று ஒதுக்குதல் முறையன்று. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் நாவலர் ஈடுபட்டிருந்ததால், அவர் தாம் மறுத்த நூலை அதன் ஆதரவாளர் பலரினும் ஆழமாகக் கற்றிருந்தார். அத்தகைய உழைப்பு மரியாதையின் ஒரு வடிவமே. எனினும் கண்டனம் மற்றவரை விளித்து எழுதப்படினும், உண்மையில் சொந்தச் சமூகத்தவரை உறுதிப்படுத்தவே எழுதப்படுவதால், மற்றவரின் மறுமொழி எழுத்தாளரின் மனத்தை மாற்றுவதற்கு அதில் இடமில்லை.

இம்மரபின் களத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ இடம்பெறவில்லை. மிஷன்களின் கவனம் முதன்மையாகச் சைவர்மீது குவிந்திருந்தது. முஸ்லிம்களோ யாழ்ப்பாண நகரின் சோனகதெருப் பகுதியிலேயே செறிந்து வாழ்ந்தனர். ஆதலால் உடுப்பிட்டி போன்ற ஊர்களின் கிறிஸ்தவர்க்கு இஸ்லாம் பற்றிய அறிவு பெரும்பாலும் பிறர் வழிவந்த அறிவாகவே அமைந்தது. இடைவெளி மொழியால் வந்ததன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்று, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் போன்ற அறிஞரின் வாழ்க்கை, சமய எல்லையைத் தாண்டிய தமிழ்க் கல்வி இங்கே இயல்பாக இருந்ததையே காட்டுகிறது.

வேறுபாட்டைப் பேசும் முறை

கிறிஸ்தவ–முஸ்லிம் உரையாடலுக்குரிய பொருள் வளமானது. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரால் வழங்குகிறது; லூக்கா நற்செய்தியில் வரும் மரியாளின் கன்னிமையும் தேவதூதரின் அறிவிப்பும் அங்கும் கூறப்படுகின்றன. ஆயினும் இயேசுவின் சிலுவை மரணத்தை 4ஆம் அத்தியாயத்தின் 157ஆம் வசனம் மறுக்கிறது; ஒரே கடவுள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கிறார் என்னும் திரித்துவக் கொள்கையை இஸ்லாம் ஏற்பதில்லை. இவ்விடங்களில் பேச்சு முறிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் கொள்கை வேறுபாடன்று. மற்றவரின் கொள்கையைத் தம் சொந்த அளவுகோலால் விளங்கிக்கொள்வதே ஆகும். சிலுவையை முஸ்லிம் மறுப்பதைக் கிறிஸ்தவர் இயேசுவுக்கு இழைக்கும் அவமதிப்பாகக் கருதுகிறார். முஸ்லிமோ, தம் நபியை இறைவன் எதிரிகளின் கையில் விட்டுவிடமாட்டான் என்ற மதிப்பினாலேயே அதை மறுக்கிறார். தேவகுமாரன் என்று கிறிஸ்தவர் சொல்லும்போது, உடல்வழிப் பிறப்பைச் சொல்வதாக முஸ்லிம் எண்ணி அருவருக்கிறார். அவ்வாறான பிறப்பைக் கிறிஸ்தவ இறையியலும் முற்றாக மறுக்கிறது. இவ்விளக்கங்களைப் பரிமாறியபின்னும் வேறுபாடு நீங்குவதில்லை. ஆனால் எஞ்சுவது உண்மையான வேறுபாடாக இருக்கும்.

இஸ்லாமிய மரபு போற்றும் அபிசீனிய நிகழ்ச்சி இதற்கு முன்மாதிரியாகும். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 615ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நாட்டில் தஞ்சம் புகுந்தனர். அவர்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு மக்காவின் குறைஷிக் குலத்தாரின் தூதர் கோரியபோது, மன்னர் இரு தரப்பையும் கேட்டார். ஜஃபர் இப்னு அபீதாலிப் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார். அவையோர் கண்ணீர் சிந்தினர். ஈசாவை இவர்கள் அடியார் என்கின்றனர் என்று தூதர் மறுநாள் குற்றஞ்சாட்டியபோதும், ஜஃபர் தம் கொள்கையை மறைக்காமல், ஈசா இறைவனின் அடியாரும் தூதரும் எனவே சொன்னார். மன்னர் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளவில்லை. நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலும் அபிசீனியப் பயணம் இடம்பெறுவதால், இது தமிழர்க்கு அந்நியமான நிகழ்ச்சியன்று. இங்கே தஞ்சம் முதலில் வழங்கப்பட்டது, இறையியல் பின்னரே பேசப்பட்டது என்ற ஒழுங்கு கவனிக்கத்தக்கது; தன் இருப்புக்கே உறுதியில்லாதவரிடம் கொள்கையை விளக்கக் கேட்பது உரையாடலாகாது, விசாரணையே ஆகும்.

காயத்தை ஏற்றல்

1990 ஒக்டோபர் மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் நெடுங்காலம் அகதிகளாக வாழ நேர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு அன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றை முன்னின்று நடத்தியவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். தொழுகையில் கொல்லப்பட்டோரின் நினைவும் ஆராதனையில் கொல்லப்பட்டோரின் நினைவும் ஒரே மாவட்டத்தில் அருகருகே வாழ்கின்றன.

ஒரு குழுவின் குற்றத்தை ஒரு சமூகத்தின்மேல் சுமத்துதல் இரு திசையிலும் நிகழ்ந்துள்ளது. தாக்குதல் நடத்தியோரின் உடல்களைப் பொறுப்பேற்பதில்லை என்று முஸ்லிம் மார்க்க அறிஞர் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்த பின்னரும், 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டன. வடக்கிலோ, வெளியேற்றத்தை எதிர்த்துப் பேசுதல் உயிராபத்தாக இருந்த காலம் ஒன்று இருந்தது உண்மையே. ஆனால் 2009இல் போர் முடிந்தபின் தொடரும் மௌனத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. கிறிஸ்தவத் தமிழர் அந்த வெளியேற்றத்தைச் செய்தவர்கள் அல்லர். எனினும் வெளியேற்றப்பட்டோரின் அயலவராக அதைப் பற்றிப் பேசும் கடமை அவர்களுக்கு உண்டு.

வாழ்வாதாரச் சிக்கலைச் சமயச் சிக்கலாகக் கொள்ளாதிருத்தலும் இக்கடமையில் அடங்கும். 2012இல் மன்னார் நகரின் கோந்தைப்பிட்டி மீன்பிடித்துறை தொடர்பாக, மீளத் திரும்பிய முஸ்லிம் மீனவர்க்கும் போரால் இடம்பெயர்ந்து அங்கே தொழில் செய்த தமிழ் மீனவர்க்கும் தகராறு மூண்டது. படகு கட்டும் இடம் யாருக்கு என்பதே அங்கு வினா. குருவானவரும் மௌலவியும் ஒருங்கே அமர்ந்து நியாயமான பங்கீட்டுக்கு வழிசெய்வது, அத்தகைய நிலையில் எந்த இறையியல் அமர்வினும் பயன்தரும்.

முடிவுரை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முஸ்லிம்களை மதிப்போடு நோக்குமாறு திருச்சபைக்கு உரைத்தது. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர், இறையன்பும் அயலவர் அன்பும் இரு சமயத்துக்கும் பொதுவென்று கிறிஸ்தவத் தலைவர்களுக்குத் திறந்த மடல் எழுதினர். அயலவர் அன்பு பொதுவாயின், அயலவர் ஊர் திரும்பும் உரிமையே அதன் முதல் சோதனை. இலங்கைப் பாடசாலைகளில் ஒவ்வொரு மாணவரும் தம் சமயத்தையே பாடமாகக் கற்பதால், மற்றவரின் சமயத்தை அதன் நம்பிக்கையாளரிடமிருந்து கேட்கும் வாய்ப்பு வகுப்பறையில் கிட்டுவதில்லை. அவ்வாய்ப்பைத் திருச்சபைகளும் பள்ளிவாசல்களும் இறையியற் கல்லூரிகளுமே உருவாக்க வேண்டியுள்ளது. உடுப்பிட்டி முதலிய வடமராட்சி ஊர்களின் சபைகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் பேச அழைக்கும்போது, முதல் அமர்வில் 1990ஐயும் மீள்குடியேற்றத்தையும் பற்றி அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கட்டும். சிலுவையையும் திரித்துவத்தையும் பற்றிய அமர்வுகள் அதன்பின் தொடரட்டும்.