கமெரா நின்ற இடம்: அன்சல் அடம்ஸின் மலைகளும் பியானோவும்

ஓவியத்தைப் பார்த்துக் கவிதை எழுதுவதும் கவிதையைப் படித்து ஓவியம் தீட்டுவதும் நமக்குப் பழக்கமானவை. இயற்கையின் ஒளிப்படத்தைப் பார்த்துப் பியானோவுக்கு இசை எழுதுவது அவ்வளவாகப் பேசப்படாத விடயம். அசைவும் ஓசையும் அற்ற, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலான ஒரு தாளிலிருந்து இசையமைப்பாளர் எதனை எடுத்துக்கொள்கிறார்? மலையையா, அம்மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதனையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு மிகப் பொருத்தமானது அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸின் வரலாறு. கமெராவைத் தொழிலாக வரித்துக்கொள்ளுமுன் பியானோக் கலைஞராக வர முயன்றவர் அவர். 1984 இல் அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து அவரது படங்களுக்கு இசை எழுதியவரும் ஒரு பியானோக் கலைஞரே.

படத்திலிருந்து இசை பிறப்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி, மறைந்த நண்பர் ஹார்ட்மனின் நினைவாக நடந்த கண்காட்சியைப் பார்த்துவிட்டு 1874 இல் பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சிச் சித்திரங்கள்' அவற்றுள் புகழ்பெற்றது. பத்துச் சித்திரங்களை இசையாக்கிய முசோர்க்ஸ்கி, இடையிடையே ஒரு நடையையும் அமைத்தார். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்துபோகும் பார்வையாளனின் நடை அது. ஹார்ட்மனின் அச்சித்திரங்களுட் பல இன்று கிடைப்பதில்லை. பார்த்தவனின் நடை மட்டும் எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி வேறொரு வழியில் சென்றார். 1910 இலும் 1913 இலும் வெளியான தமது பியானோ முன்னிசைத் தொகுதிகளில், ஒவ்வோர் ஆக்கத்தின் தலைப்பையும் முகப்பில் இடாமல் அதன் முடிவில் அச்சிட்டார். வாசிப்பவர் முதலில் ஒலியைச் சந்திக்க வேண்டும், காட்சியின் பெயரைப் பின்னரே அறிய வேண்டும் என்ற ஒழுங்கு அது.

அன்சல் அடம்ஸ் 1902 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பள்ளிக்கூடத்தோடு ஒத்துப்போகாத பிள்ளை. தந்தை அவரைப் பாடசாலையிலிருந்து விலக்கி வீட்டில் வைத்தே படிப்பித்தார். 12 வயதில் பியானோவில் கைவைத்த அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் தரமுடியாத ஒழுங்கை அந்த வாத்தியம் தந்தது. 1916 இல் குடும்பத்தோடு யொசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது ஒரு கொடக் பிறவுணிப் பெட்டிக் கமெரா அவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து கோடைகள் மலைக்கும் ஏனைய மாதங்கள் பியானோவுக்கும் என்று காலம் பங்காகியது. மலைக்குப் போனாலும் சாதகத்தை விடமுடியவில்லை. யொசெமிட்டியில் ஓவியர் ஹரி பெஸ்ட்டின் கலைக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. அதை வாசிக்கப் போய் வந்தவர், 1928 இல் அவரது மகள் வேர்ஜீனியாவை மணந்தார். 1930 அளவிலேயே இசையைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டு ஒளிப்படத்தை முழுநேரப் பணியாக ஏற்றார்.

தொழில் மாறியது; பயிற்சி மாறவில்லை. 1927 ஏப்ரலில் நண்பர்களோடு ஏறிச்சென்று 'ஹாஃப் டோம்' என்னும் பாறைமுகத்தைப் படமெடுத்தபோது அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டு கண்ணாடித் தகடுகளே. முதலாவதை மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தார். எடுத்த பிற்பாடுதான் வானம் வெளிறிப்போய், தாம் அந்தப் பாறையின் முன் உணர்ந்த கனம் படத்தில் இராது என்று அவருக்குப் புலப்பட்டது. கடைசித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டியோடு எடுத்தார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. படம் எப்படி அமைய வேண்டும் என்பதை மூடியைத் திறக்குமுன்னரே மனத்தில் காணும் இந்த முறையைத்தான் அவர் பின்னாளில் தமது கலைக்கொள்கையாக வளர்த்தெடுத்தார். விசையை அழுத்துமுன் சுரத்தை உள்ளே கேட்டுப் பழகியவருக்கு இது அந்நியமான வித்தை அல்ல.

நெகற்றிவ் என்பது இசையமைப்பாளரின் சுரக்குறிப்பு, அதிலிருந்து எடுக்கும் பிரதி அதன் வாசிப்பு என்று அடம்ஸ் அடிக்கடி சொல்வதுண்டு. இது வெறும் அலங்கார உவமை அல்ல என்பதற்கு 1941 இல் நியூ மெக்ஸிக்கோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் அவர் எடுத்த நிலவுப் படம் சான்று. பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. மயானத்துச் சிலுவைகளில் கடைசி வெளிச்சம். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்ததால் அதைக்கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒரே நெகற்றிவிலிருந்து அடுத்துவந்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தம் கையாலேயே எடுத்தார். ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல் நிறம், மேகங்கள் தெரிகின்றன. பிந்தியவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. குறிப்பு ஒன்றுதான். வாசித்தவருக்கு வயதேற வயதேற வாசிப்பு மாறியிருக்கிறது.

1940 அளவில் பிரெட் ஆச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த 'வலய முறை'யிலும் இசைமாணவனின் கையைக் காணலாம். முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் இடையிலான பரப்பை 0 முதல் 10 வரை பதினொரு படிகளாகப் பிரிப்பது அம்முறை. ஒரு படி ஏறினால் ஒளி இரட்டிப்பாகும். பியானோவில் ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். மலையின் நிழலை எந்தப் படியில் வைப்பது, பனியை எந்தப் படியில் வைப்பது என்று தீர்மானிப்பது ஒருவகையில் சுருதி சேர்ப்பதே.

இனி இசையமைப்பாளரிடம் வருவோம். டேவ் புரூபெக் 1920 இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தாய் பியானோ ஆசிரியை, தந்தை கால்நடைப் பண்ணையாளர். சியேரா நெவாடா மலையடிவாரத்து அயோன் என்ற ஊரில் வளர்ந்தார். மிருக வைத்தியம் படிக்கவென்று ஸ்டொக்டன் நகரத்துக் கல்லூரிக்குப் போய் இசைக்கு மாறினார். பின்னாளில் ஜாஸ் இசையின் பெரும் பெயர்களுள் ஒருவரானார்.

1958 இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அவரது நால்வர் குழுவை நீண்டதொரு பயணத்தில் அனுப்பியது. போலந்து, துருக்கி, ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகியவற்றோடு நமது இலங்கையும் அப்பட்டியலில் இருந்தது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் நன்முகத்தைக் காட்டும் ஏற்பாடு அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் புரூபெக் காட்டவந்த முகத்தோடு கேட்கும் காதையும் கொண்டுவந்தார். இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களின் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் அவரை நிறுத்தியது. அது என்ன தாளம் என்று அங்குள்ள இசைஞர்களிடமே விசாரித்தறிந்தார். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று நடக்கும் அத்தாளத்தில் அவர் அமைத்த ஆக்கம் 1959 இல் வெளியான 'டைம் அவுட்' இசைத்தட்டின் முதலாவதாக இடம்பெற்றது. துருக்கி மொழியில் 'மிக்க நன்றி' என்று சொல்லும் ஓசையிலிருந்தே 'கோல்டன் ஹோர்ன்' என்ற இன்னோர் ஆக்கம் பிறந்தது. இடத்தின் அழகை வர்ணிப்பதை விட்டு அங்கு வாழ்பவர்களின் வாயசைவையும் காலசைவையும் கேட்டு எழுதியவர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

இத்தகைய ஒருவர் அடம்ஸின் படங்களிடம் வந்தபோது அவரைப் பெரிதும் கவர்ந்தது அடம்ஸ் பியானோ பயின்றவர் என்ற செய்தியே. டேவ் பியானோவில் எழுத, அவரது மகன் கிறிஸ் புரூபெக் அதை முழு வாத்தியக்குழுவுக்கு விரித்தார். முசோர்க்ஸ்கியின் பியானோ ஆக்கத்தை 1922 இல் ராவெல் விரித்ததைப் போன்ற வேலை இது. இங்கோ தந்தையும் மகனும். 'அன்சல் அடம்ஸ்: அமெரிக்கா' என்ற இவ்வாக்கத்தை 2009 ஏப்ரலில் ஸ்டொக்டன் சிம்பொனி முதன்முதலாக அரங்கேற்றியது. அப்போது டேவுக்கு 88 வயது. வாத்தியக்குழு வாசிக்க, அடம்ஸின் படங்கள் பெருந்திரையில் வந்து மறைந்தன. 2012 டிசம்பரில் டேவ் காலமானார்.

இங்கு டெபுஸியின் ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. காட்சி முன்னே நிற்கிறது, இசை அதற்குத் துணையாகிவிடும் ஆபத்து உண்டு. மலைக்கு ஓங்கிய தந்திகளும் அருவிக்கு வேகமான விரல்களும் போதும் என்று எவரும் எண்ணிவிடலாம். இயற்கைப் படங்களுக்கென எழுதப்படும் பியானோ இசையிற் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறது.

இதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. அடம்ஸின் புகழ்பெற்ற மலைப்படங்களில் மனிதரைக் காண்பது அரிது. யொசெமிட்டியோ ஆளற்ற நிலம் அல்ல. 1851 இல் ஆயுதப்படை புகுந்து அங்கு வாழ்ந்த அஹ்வானீச்சி மக்களை விரட்டியது. அந்தத் தூய்மைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. படம் அதைச் சொல்வதில்லை.

ஆனால் அதே கமெரா வேறோரிடத்திலும் நின்றது. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு வீடுவாசலிலிருந்து அகற்றி முகாம்களில் அடைத்தது. அவற்றுள் ஒன்றான மன்சனாருக்கு 1943 இல் சென்ற அடம்ஸ், அம்மக்களின் முகங்களைப் படமெடுத்து, அவர்களும் சமமான குடிமக்களே என்று வாதிடும் நூலொன்றை 1944 இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிட்டார். அதே ஆண்டில் மன்சனாரிலிருந்து அவர் எடுத்த வில்லியம்ஸன் மலையின் படமும் உலகப் புகழ் பெற்றது. முன்னே பாறைகள், பின்னே மேகம் பிளந்து இறங்கும் ஒளி. முகாம் அதில் இல்லை. தலைப்பில் மட்டும் 'மன்சனாரிலிருந்து' என்று இருக்கிறது.

அந்தப் படத்துக்குப் பியானோவில் இசை எழுதுபவர் பாறைகளையும் ஒளியையும் மட்டும் பார்த்தால் எழுதுவது ஒரு துதிப்பாடலாக இருக்கும். தலைப்பையும் வாசித்தால் அந்த ஒளியை வேலிக்குள்ளிருந்து பார்த்த கண்களும் இசைக்குள் வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே சுரங்களாக இருக்க முடியாது. டெபுஸி தலைப்பை முடிவில் வைத்தார், ஆனால் நீக்கிவிடவில்லை.

இயற்கையின் ஒளிப்படம் இயற்கை அல்ல. ஒரு மனிதன், ஒரு நாளில், ஓரிடத்தில் நின்று எடுத்த முடிவு அது. முசோர்க்ஸ்கி பார்வையாளனின் நடையை இசைக்குள் வைத்ததும், புரூபெக் மலைகளுக்கு முன்னால் அந்தப் பியானோ மாணவனைத் தேடியதும் இதனாலேயே. படத்திலிருந்து இசைக்குப் போகிறவர் மலை எவ்வளவு உயரம் என்று கேட்குமுன் கமெரா எங்கே நின்றது என்று கேட்பது நல்லது.