தன் சத்தமே தடையான டவர்

ஒரே டவரில் நான்கு ஆன்டெனாக்களைக் கட்டி, நான்கு ஊர்களுக்கு வைஃபை இணைப்பு கொடுத்தால் அந்த நான்குமே ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகிவிடும். 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அலையில், அனுப்பிய ஆற்றலின் சில கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதைக் கேட்க முயலும் ரேடியோவுக்கு ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு ரேடியோ முழு பலத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும். தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் கேட்பது போன்ற நிலை இது.

இந்தத் தொல்லை வைஃபையோடு பிறந்ததல்ல. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே கம்பத்தில் இருந்த பழைய ரிப்பீட்டர் நிலையங்களிலும் அது உண்டு. அங்கே இரண்டுக்கும் வெவ்வேறு அலைவரிசை. நடுவே நல்ல வடிகட்டியைப் போட்டால் போதும். 1999இல் வந்த 802.11பி தரத்தில் அந்த வசதி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. வெவ்வேறு சேனலில் வைத்தாலும், மலிவான கருவிகளின் கசிவு பக்கத்துச் சேனலுக்குள் வழியும். ஆன்டெனாக்களைத் தள்ளிக் கட்டலாம். ஆனால் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் ஆதாயம் சுமார் 6 டெசிபல்தான். அடுத்தடுத்த ஆன்டெனாக்களைக் கிடையாகவும் நெடுக்காகவும் மாற்றிப் பொருத்துவதும், இடையே உலோகத் தடுப்பு வைப்பதும் இன்னும் கொஞ்சம் உதவும்.

வைஃபையின் நல்ல பழக்கமே இங்கே அதற்கு எதிரியானது. அனுப்பும் முன் காற்றில் யாராவது பேசுகிறார்களா என்று அது செவிசாய்க்கும்; பேசினால் காத்திருக்கும். ஒரு கூடத்துக்குள் இது நாகரிகம். டவர் உச்சியிலோ, வேறு திசையைப் பார்த்து நிற்கும் அண்டை ரேடியோவுக்காக இது வீணாக வாய்மூடி நிற்கும். ஒருவேளை ஒரு ரேடியோ அண்டை ரேடியோவின் ஒலியைக் கேளாமல் இருந்தாலும் பயனில்லை. தான் வாங்கும் நேரத்தில் அண்டை ரேடியோ அனுப்பினால் வந்த தரவுப் பாக்கெட் பாழ்.

திருப்பம் கங்கைச் சமவெளியில் நேர்ந்தது. கான்பூர் ஐஐடியின் 'டிஜிட்டல் கேஞ்செடிக் பிளெயின்ஸ்' திட்டம் 2000களின் தொடக்கத்தில் உத்தரப்பிரதேசக் கிராமங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. அந்த அனுபவத்திலிருந்து பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005இல் '2பி' என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். சத்தத்தைத் தடுக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். ஒரு டவரிலுள்ள ரேடியோக்கள் எல்லாம் ஒன்றாகப் பேசும். பிறகு ஒன்றாகக் கேட்கும். எல்லாம் கேட்கும் வேளையில் வந்து சேரும் அலைகள் அனைத்துமே மெலிந்தவை, ஏறக்குறைய ஒரே பலமுள்ளவை. அப்போதுதான் திசை ஆன்டெனாவின் கூர்மை உண்மையில் வேலைசெய்கிறது. நான்கு இணைப்புகளும் ஒரே சேனலில் ஓட முடிகிறது.

இதைக் கடைச்சரக்கான வைஃபை அட்டையிலேயே சாதித்ததுதான் ரசிக்கத்தக்கது. அந்த அட்டையில் இரண்டு ஆன்டெனா இணைப்பிகள் இருந்தன. அனுப்பப் போகும் கணத்தில் செவியை, எதுவும் மாட்டப்படாத இணைப்பிக்கு மாற்றிவிட்டார்கள். காற்று அமைதி என்று அட்டை நம்பி, காத்திருக்காமல் அனுப்பியது.

விலையும் உண்டு. இணைப்பின் ஒரு முனை பேசும்போது மறுமுனை கேட்க வேண்டும். மூன்று ஊர்களை முக்கோணமாக இணைத்தால், முதல் ஊர் பேச, இரண்டாம் ஊர் கேட்க, மூன்றாம் ஊர் முதலாவதற்காகக் கேட்கவும் இரண்டாவதற்காகப் பேசவும் வேண்டிவரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாகும் எந்த வலையும் இதில் அமையாது.

அடுத்த அத்தியாயம் தேனியில். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள பார்வை மையங்களில் இருக்கும் நோயாளிகள், மருத்துவரோடு காணொளியில் பேச, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு வைஃபை இணைப்புகளை நிறுவியது. அக்குழு 2007இல் வெளியிட்ட 'வைல்ட்நெட்' 2பியின் அடியொற்றியது; பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒப்புகை கேட்காமல் மொத்தமாகக் கேட்பதையும், இழந்ததை மீட்கும் கூடுதல் பாக்கெட்டுகளையும் சேர்த்தது. வழக்கமான வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் கிடைத்தது.

வணிகக் கருவிகளில் இதே எண்ணம் ஜிபிஎஸ் கடிகாரம் வழியாக நுழைந்தது. மோட்டரோலாவின் 'கேனபி' அதற்கு முன்னோடி. செயற்கைக்கோள் தரும் துடிப்பைப் பிடித்து, எத்தனை டவர் இருந்தாலும் எல்லாம் ஒரே நொடித்துளியில் பேச்சைத் தொடங்கும். ஆனால் பேசும் நேரமும் கேட்கும் நேரமும் எல்லா ரேடியோக்களுக்கும் ஒரே விகிதத்தில் அமைய வேண்டும். பதிவிறக்கம் அதிகம் கேட்கும் ஊருக்கும் பதிவேற்றம் அதிகம் கேட்கும் ஊருக்கும் ஒரே அளவுதான். அதே டவரில் ஏறும் போட்டி நிறுவனத்தின் ரேடியோ இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது.

நேரத்தைப் பிரிக்காமலே சத்தத்தை அழிக்கும் வழியை 2010இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு அனுப்பும் ஆன்டெனாக்களில் ஒன்றை, வாங்கும் ஆன்டெனாவிலிருந்து அரை அலைநீளம், அதாவது 6 சென்டிமீட்டர் அளவு, கூடுதலாகத் தள்ளி வைத்தால் இரண்டு அலைகளும் வாங்கும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 2013இல் அதே பல்கலைக்கழகம் ஒற்றை ஆன்டெனாவில் சுமார் 110 டெசிபல் தன்சத்தத்தை நீக்கிக் காட்டியது. ஆனால் இம்முறையில் ரேடியோ தான் அனுப்புவது என்னவென்று அறிந்து, அதைக் கழிக்கிறது. பக்கத்து ரேடியோ அனுப்புவது அதற்குத் தெரியாதவரை இந்த வித்தை டவரின் சிக்கலைத் தீர்ப்பதில்லை.

இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் உரிமமின்றித் திறக்கப்பட்டது. மூன்று சேனலுக்குள் நெருக்கியடித்த காலம் அங்கே முடிந்தது. என்றாலும் கசிவு போகவில்லை. ஒரே கம்பத்தில் நெருங்கி நிற்கும் ரேடியோக்களுக்கு உலோகத் தடுப்பும் ஜிபிஎஸ் கடிகாரமும் இன்றும் வேண்டியிருக்கின்றன.