நாய்க்கடி ஊசியும் பூனைக் கீறலும்

கிளியனூரில் இருக்கும் என் சின்னம்மா பல வருஷம் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்புத் தண்ணியில் நின்று நின்று கை காலெல்லாம் வெடிப்பு. போன மாசம் வீட்டுப் பூனை கையைக் கீறி ரத்தம் வந்துவிட்டது. "ஊசி போட்டீங்களா?" என்று போனில் கேட்டேன். "அது நாய்க்கடி ஊசிதானப்பா, பூனைக்கு எதுக்கு?" என்றார்.

அந்தப் பேரில்தான் சிக்கல். தென்னிந்தியாவில் வெறிநோய் சிகிச்சையின் கதையே ஒரு நாய்க்கடியில் ஆரம்பிக்கிறது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது இதற்கான சிகிச்சை நிலையம் இருந்தது வடக்கே, இமயமலைப் பக்கத்துக் கசௌலியில், 1900இல் தொடங்கியது. இங்கிருந்து ரயிலேறிப் போய்ச் சேரவே நாள்கணக்காகும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசிதான் நம் பெரியவர்கள் பயந்த 'தொப்புளைச் சுத்தி 14 ஊசி'. ஆட்டு மூளையிலிருந்து தயாரான அந்த மருந்தை இந்தியா 2004 கடைசியில்தான் கைவிட்டது. இப்போது கையில் நாலைந்து தவணை, அவ்வளவே. ஊசி மாறியது, பேர் மாறவில்லை.

ஆனால் கிருமிக்கு நாய், பூனை என்ற பேதம் கிடையாது. வெறிநாய் கடித்த பூனைக்கும் வெறி பிடிக்கும். அதன் எச்சிலில் கிருமி இருக்கும். கடிக்கவே வேண்டாம், வெடித்த தோலை அது நக்கினாலும் ஆபத்துதான். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

சரி, நம்மிடமிருந்து பூனை இனத்துக்கு நோய் போகுமா? போகும். 2021இல் வண்டலூர் பூங்காவில் 9 சிங்கங்களுக்குக் கொரோனா உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. மாதிரிகளில் கண்டது, அப்போது மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை. வீட்டுப் பூனைகளுக்கும் உரிமையாளர்களிடமிருந்து கொரோனா தொற்றியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

சின்னம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவச் சொன்னேன். அன்றைக்கே திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றியும் மருந்து போட்டார்கள். நாலு நாள் கழித்துப் பேசியபோது அவரே கேட்டார்: "பூனைக்கும் ஒரு ஊசி உண்டாமே, எப்பப்பா போடறது?"