கொம்பு முதலா, 'க' முதலா?

தமிழ் எழுத்து 247. தட்டச்சுப் பொறியிலோ விசைகள் ஐம்பதைத் தொடாது. இந்தக் கணக்கைத் தீர்த்துத் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி தந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளாக வெட்டுவதே வழி. 'கொ' வேண்டுமா? முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். சாயங்காலம் டைப் வகுப்புக்கு ஓடி 'லோயர்' எழுதிய நம்ம செட் ஆட்களுக்கு இது மறக்காது. வாய் 'க்' என்று ஆரம்பிக்கும். விரல் கொம்பைத் தேடும். இரும்புக்கு வேறு வழியில்லை.

கணினிக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. இருந்தும் தொண்ணூறுகளில் பழைய வரிசையையே தூக்கி வந்தவர்கள் பலர். ஆளுக்கொரு விசைப்பலகை! 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதை ஒட்டிப் பிறந்த 'தமிழ் 99' பலகையை அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றது.

அதில் எழுத்து விசைகள் 31தான். உயிர் 12, மெய் 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் சேர்த்து ஒன்று. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'கொ' என்றால் க, ஒ. அவ்வளவுதான்.

மனித நினைவு ஒரே சமயத்தில் ஏழு சொச்சம் தனி விஷயங்களைத்தான் தாங்கும், தொகுத்துக் கொடுத்தால் பாரம் குறையும் என்று 1956ல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொகுப்பை அரிச்சுவடியே செய்து கொடுத்துவிடுகிறது. தமிழ் 99 அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. புள்ளியைக்கூடப் பலகையே வைக்கும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். ந-வை அடுத்து த வந்தால் 'ந்த' என்று அதுவே புரிந்துகொள்ளும். காது எதிர்பார்ப்பதும் அதைத்தானே! 'நத்தை' எழுதத்தான் இடையில் ஒரு அ தட்ட வேண்டும்.

ஆனாலும் விரல் பழக்கம் லேசில் விடாது. பழைய வரிசையில் கை ஊறியவர்கள் பலர் மாறவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேகம்தான் அவர்கள் சோறு. என் வருத்தம் வேறு. இன்றைய மாணவர்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். 'ழ' எழுத மனசு முதலில் ஓர் ஆங்கில எழுத்தைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. மறுபடியும் கொம்பு தேடுகிற கதைதான்.

தம்பி, தங்கைகளே, விண்டோஸிலும் ஐபோனிலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. ஒரு வாரம் தட்டிப் பாருங்கள். நத்தைக்கு மட்டும் அந்த அ-வை மறந்துவிடாதீர்கள்.