தெர்மாக்கோல் தட்டும் எல்லைக் கல்லும்

ஆந்திரமும் கர்நாடகமும் தமிழ்நாடும் கூடும் மூலையில் இருக்கிறது குப்பம். அங்கே தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் காதில் விழும். இத்தகைய ஊரிலிருந்து ஒரு தடைச் சட்டத்தின் சரித்திரத்தை நோக்குவது சுவையானது. மாநிலச் சட்டம் எல்லைக் கல்லில் நின்றுவிடும். சோற்றுத் தட்டோ நிற்பதில்லை.

அரசாணைகளில் நாம் எவ்வளவு அழகாக ‘நெகிழி’ என்று எழுதினாலும், கடைக்காரர் அறிந்த பெயர் தெர்மாக்கோல்தான். பாலிஸ்டைரீனை நுரைபோல் ஊதிப் பெருக்கினால் கிடைப்பது அது. கன அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் காற்று. சூடு காப்பதும் மலிவாய்க் கிடைப்பதும் அதனால்தான். குப்பையானபின் தொல்லை தருவதும் அதனால்தான். வண்டி நிறைய ஏற்றினும் எடை காணாது. பழைய பொருள் வாங்குவோருக்கு அதில் என்ன கிடைக்கும்? குழம்பும் எண்ணெயும் படிந்ததை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவதும் எளிதன்று. நொறுங்கினாலோ மணிமணியாய்ச் சிதறிச் சாக்கடையில் சேரும். மந்தாரை இலையைத் தைத்து உண்ட நம் முன்னோர் இத்தொல்லையை அறியார். மாடு தின்றது போக மிச்சம் எருவாயிற்று.

இதனைத் தடுக்க முதலில் முனைந்தவற்றுள் நகராட்சிகளும் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 1980களின் இறுதியிலேயே முனைந்தது. நியூயார்க்கின் வழக்கு நெடியது. அம்மாநகர மன்றம் 2013 டிசம்பரில் சட்டம் இயற்றியது. ஆனால் நுரைத் தட்டுகளைச் சிக்கனமாக மறுசுழற்சி செய்ய இயலாது என்று அதிகாரி முடிவு கண்ட பின்னரே தடை செல்லும் என்றொரு நிபந்தனையும் வைத்தது. தொழில் துறையினர் வழக்குத் தொடுத்தனர். 2015இல் அதிகாரியின் முடிவை நீதிமன்றம் தள்ளியது. 2017இல் அவர் மீண்டும் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். 2018இல் நீதிமன்றம் ஏற்றது. தடை அமலுக்கு வந்தது 2019 ஜனவரி 1 அன்று.

தமிழ்நாட்டின் தடை தொடங்கியதும் அதே நாளில்! 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, அம்மாதமே அரசாணை பிறப்பித்து, 14 வகைப் பொருள்களை அரசு விலக்கியது. தெர்மாக்கோல் தட்டும் குவளையும் அவற்றுள் அடங்கும். கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே தடைவிதித்திருந்தது. மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 12 அன்று விதிகளைத் திருத்த, 2022 ஜூலை 1 முதல் பாலிஸ்டைரீன் தட்டும் குவளையும் நாடெங்கும் விலக்கப்பட்டன. எல்லைக் கல்லின் வேற்றுமை அன்று நீங்கியது.

விதி எழுதியது தில்லி. எனினும் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தட்டுகளின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு நகரில் மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளரையும் கிராமத்தில் ஊராட்சியையும் சார்ந்தது. முகூர்த்த நாளில் பந்திக்கு வந்திறங்கும் கட்டு மந்தாரை இலையா, தெர்மாக்கோலா என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர் உள்ளூர் ஊழியரே.